மூணு சொன்ன பிறகு

ஐயையோ, கக்கத்துல கையைக் கொடுத்து இழுக்காதீய தம்பி! விடுங்க, விடுங்க. கண்டக்டரே, ஒரு நிமிஷம் பொறுங்க, விசில் கொடுத்துராதீய. பெரியவரே, நீங்க ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிங்க. நல்ல காலை முதல்ல படியில வைங்க. மாவுக்கட்டு போட்ட காலு பின்னால வரட்டும். நாங்க இடுப்புல பிடிச்சிக்கிடுதோம். ஆங், அவ்வளவுதான். உக்காந்துட்டாரு பாருங்க, ஒரு சத்தம் கூடப் போடல.

நீங்களும் உக்காருங்க தம்பி, இங்கன இடம் இருக்கு. கோவிச்சிக்கிடாதீய. நல்ல மனசோடதான் ஓடிப்போயித் தூக்கினீய, அது தெரியுது. ஆனா நல்ல மனசு வேற, தூக்குறது வேற. எனக்கு அதுதான் தொழிலு. தொழிலா இருந்துச்சு.

நீங்க எங்க இறங்குதீய? வள்ளியூரா? அப்ப நேரம் கிடக்கு. நான் நாகர்கோவில் போறேன், மக வீட்டுக்கு. எம்பேரு பலவேசம். ஒரு ஆஸ்பத்திரில வேலை. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், நான் இன்னும் அங்கனதான் கிடக்கேன், நாலு பேரு காதுல விழுந்தா வம்பு. கேஷுவால்ட்டில இருபத்திரெண்டு வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளியிருக்கேன். வாசல்ல ஆம்புலன்ஸோ ஆட்டோவோ வந்து நின்னா முதல்ல ஓடுறது டாக்டர்னு நெனைப்பீய. இல்ல. நான்தான். நான் தூக்கி உள்ள கொண்டு போனாத்தானே டாக்டரு பாப்பாரு?

தூக்குறதுன்னா சாதாரணமா நெனைச்சிராதீய. முழிச்சிருக்க ஆளுக்கு ஒரு கனம். மயக்கத்துல இருக்க ஆளுக்கு வேற கனம், நம்ம கையில இருந்து வழுகிக்கிட்டே இருப்பாங்க. குடிச்சிட்டு விழுந்தவன் கழுத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டான். சில ஆளுக்கு எங்க தொட்டாலும் உயிரு போற வலி, அவங்க கண்ணைப் பாத்துக்கிட்டேதான் தூக்கணும். டிராலிக்குப் பிரேக் போட்டாச்சான்னு பாக்கணும், தொங்குற கையை எடுத்து நெஞ்சு மேல வைக்கணும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல. நானா பழகினது. "பலவேசம் கைபட்டா பூவை எடுத்து வச்ச மாதிரி இருக்கும்"னு ஒரு டாக்டரம்மா சொல்லுவாவ. அவங்க மாறிப் போயிட்டாவ.

என்கூட ஜோடி ஞானதுரை. அவனைப் பத்தித்தான் சொல்ல வாரேன். பதினாலு வருஷம், தம்பி. எனக்கும் அவனுக்கும் ஒரே உயரம், அதனால ஜோடியாப் போட்டாவ. நான் தலைப்பக்கம், அவன் கால்பக்கம். நான் ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லுவேன், மூணுல தூக்கணும். அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. ஒரு தடவை அவன் பொண்டாட்டிக்குப் பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்கல. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகணும், லிஃப்ட் ஓடல. நாற்காலில உக்கார வச்சு நானும் அவனும் ரெண்டு மாடி தூக்கினோம். அவன் ஒவ்வொரு படியையும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கான். "ஏல ஞானம், படியைப் பாக்காத, என் மூஞ்சியைப் பாரு"ன்னேன். பாத்தான். ஒரு படி கூடப் பிசகல. அந்தப் பிள்ளை இன்னிக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கா. அப்படிப்பட்டவன் எனக்கு என்ன செஞ்சான் தெரியுமா?

இருங்க, வரிசையாச் சொல்லுதேன்.

போன வருஷம் சித்திரையில எங்களுக்கு ஒரு வகுப்பு வச்சாவ. அடிபட்டு வாரவங்களை எப்படித் தூக்கணும், எப்படி மாத்தணும்னு. மூணு நாளு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நான் அம்பது வயசுக்காரன், என்னை பெஞ்சில உக்கார வச்சு ஒரு அம்மா பாடம் நடத்துதாவ. கக்கத்துல கையைக் கொடுத்துத் தூக்கக்கூடாதாம். உயரத்துல இருந்து விழுந்தவங்க, வண்டியில அடிபட்டவங்க, இவங்களுக்கு முதுகெலும்பு உடைஞ்சிருக்கலாம், உடைஞ்சது நகராம இருக்க வரைக்கும் காலு நல்லா இருக்கும், நாம மடக்கித் தூக்கினா உள்ள இருக்க நரம்பு நசுங்கிரும்னு சொன்னாவ. அதனால கழுத்துக்குப் பட்டை போட்டு, நாலஞ்சு பேராச் சேர்ந்து, ஒரே கட்டையா உருட்டி, அடியில ஒரு போர்டைச் சொருகி, வார் போட்டுக் கட்டி, போர்டோட தூக்கணும். சரி, அதுகூட இருக்கட்டும். தலையைப் பிடிக்கிற ஆளுதான் எண்ணணுமாம். மத்தவங்க வாயைத் தொறக்கக்கூடாதாம். எங்க கேஷுவால்ட்டில தலையைப் பிடிக்கது யாருன்னா ஜெபராணி சிஸ்டர். என் நெஞ்சு உயரம்தான் இருப்பாவ. ரெண்டு கையாலயும் சேத்து முப்பது கிலோ தூக்கமாட்டாவ. அவங்க எண்ணுவாங்களாம், நான் தூக்கணுமாம்.

ஞானதுரை நோட்டு போட்டு எழுதிக்கிட்டான். படம் வேற வரைஞ்சான். நான் பின்வரிசைல உக்காந்து டீ குடிச்சேன். கடைசி நாளு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சர்டிபிகேட் கொடுத்தாவ. அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானே?

அப்புறம் அந்தப் போர்டு வந்துச்சு. மஞ்சக் கலரு, பிளாஸ்டிக்கு, ஓரத்துல கைபிடிக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணே ஒண்ணு. அதைக் கேஷுவால்ட்டில வச்சா யாராவது எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டாவ. சாவி ஸ்டோர்காரர்கிட்ட. ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடணும். நாலஞ்சு தடவை அந்தப் போர்டுல தூக்கியிருக்கோம், சிஸ்டரு எண்ணித்தான். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. நோயாளி கத்தல. ஆனா நேரம் ஆவும் தம்பி, பத்து நிமிஷம் ஆவும். பத்து நிமிஷம்னா வாசல்ல நிக்க சொந்தக்காரங்களுக்குப் பத்து வருஷம். அது வகுப்பு எடுத்த அம்மாவுக்குத் தெரியுமா?

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க, காத்து காதை அடைக்குது. இதே மாதிரிக் காத்துதான் அன்னிக்கும். ஆடி மாசம். காலையில பதினோரு மணி இருக்கும். ஒரு மினி லாரி வந்து வாசல்ல நிக்குது. பின்னால தார்ப்பாய் மேல ஒரு ஆளு மல்லாக்கக் கிடக்காரு. மேல்நிலைத் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவரு, ஏணியோட கீழ விழுந்திருக்காரு. உச்சிமாகாளின்னு பேரு. முப்பத்தெட்டு வயசு. அவரு சம்சாரம் சொர்ணம், பக்கத்துல உக்காந்து அவரு தலையைத் தன் மடியில வச்சிருக்கா. அவருக்கு நெனவு இருக்கு. "தண்ணி தாங்க"ங்காரு. "முதுகுதான் வலிக்கு"ங்காரு.

ஜெபராணி சிஸ்டர் லாரி மேலயே ஏறிட்டாவ. பேரு கேட்டாவ, சொன்னாரு. கையை அழுத்தச் சொன்னாவ, அழுத்தினாரு. "காலு விரலை ஆட்டுங்க"ன்னாவ. ஆட்டினாரு. பெருவிரல்ல வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு, அது மேலயும் கீழயும் போச்சு. எனக்கு நல்லா நெனப்பு இருக்கு. சிஸ்டர் கீழ இறங்கி, "யாரும் தொடாதீங்க, அவர் முதுகுல அடி. நான் போர்டும் பட்டையும் எடுத்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டு ஓடினாவ.

ஓடினவங்க வரல.

ஸ்டோரு பூட்டிக் கிடக்கு. ஸ்டோர்காரரு எங்கயோ போயிட்டாரு, போனை எடுக்கல. சிஸ்டர் அவரைத் தேடிக்கிட்டு இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஓடுதாவ. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது என்ன? வெயிலு நெத்தியில அடிக்குது. அந்தாளு லாரில கிடக்காரு. கூட்டம் கூடிட்டு. "ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டாந்தும் சாவணுமா"ன்னு ஒருத்தன் கத்துதான். இன்னொருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கான். அந்தச் சொர்ணம் என்னையவே பாக்கா. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு நான்தானே முன்னால நிக்கேன்! "அண்ணாச்சி, யாராவது தூக்குங்களேன், அண்ணாச்சி, ஒங்களுக்குக் கூடப்பிறந்தவ இல்லையா"ங்கா.

நீங்களா இருந்தா என்ன செய்வீய? சொல்லுங்க. இப்ப அந்தப் பெரியவரு ஏற முடியாம நின்னப்ப நீங்க சும்மாவா இருந்தீய?

நான் லாரில ஏறினேன். "ஏல ஞானம், வா"ன்னேன். அவன் கீழ நிக்கான். "அண்ணே, வேண்டாம். சிஸ்டர் வரட்டும்."

"எங்கல சிஸ்டரு? ஆளையே காணும். ஏறு."

"அண்ணே, முதுகுண்ணே. வகுப்புல சொன்னாவள்லா. போர்டு இல்லாம வேண்டாம்."

"நீ எனக்கு வகுப்பு எடுக்கியா? பதினாலு வருஷமா எந்தப் போர்டுலல தூக்கின?"

கூட்டத்துல யாரோ சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதுல கேக்கு. ஞானதுரை ஏறினான். மூஞ்சி செத்துப் போயிருக்கு. "அண்ணே, ரெண்டே நிமிஷம். பெட்ஷீட்டாவது எடுத்துட்டு வாரேன், நாலு பேராத் தூக்குவோம்"னான். நான் கேக்கல. சொர்ணத்தை நகரச் சொல்லிட்டு, உச்சிமாகாளி கக்கத்துல கையைக் கொடுத்தேன். ஆமா தம்பி, கக்கத்துலதான். இப்ப என்னை அப்படிப் பாக்காதீய. வேற எப்படித் தூக்க, ரெண்டே பேரு? அவன் தொடைக்கு அடியிலயும் கெண்டைக்காலுக்கு அடியிலயும் கையை வச்சான். நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

நான் தூக்கினேன். அவன் தூக்கல.

கையை எடுத்துட்டான் தம்பி! நான் மூணு சொன்ன பிறகு கையை எடுத்துட்டான்! பதினாலு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவன் அப்படிச் செஞ்சதில்ல. என் கையில மேல்பாதி வந்துட்டு, கீழ்பாதி தார்ப்பாய் மேலயே கிடக்கு. இடுப்பு மடங்கிப் போச்சு. அந்தாளு ஒரு சத்தம் போட்டாரு. அப்புறம் கூட்டத்துல நின்ன ரெண்டு பேரு காலைப் பிடிச்சாங்க, டிராலில இறக்கிட்டோம். மொத்தம் அரை நிமிஷம். சொர்ணம் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

டிராலில கிடக்கும்போது அவரு என்கிட்ட மெதுவாக் கேட்டாரு. "அண்ணாச்சி, எங்காலைக் கட்டிப் போட்டிருக்கீயளா?" இல்லையேன்னேன். "அப்ப அதை எங்க வச்சிருக்கீய?"ன்னாரு.

அந்நேரம் சிஸ்டரு போர்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வாராவ. தன்னந்தனியா, போர்டு அவங்களை விட நீளம். டிராலியைப் பாத்துட்டு நின்னுட்டாவ. போர்டைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, அவரு காலுகிட்ட வந்து, "விரலை ஆட்டுங்க"ன்னாவ. அந்த வெள்ளைப் பெயிண்டு ஒட்டின விரலையே பாத்துக்கிட்டு நின்னாவ. மறுபடியும் "ஆட்டுங்க அண்ணே"ன்னாவ. விரலு அசையல.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆபரேஷன் செஞ்சு, இருபது நாளு கழிச்சுத் திரும்ப எங்க வார்டுக்கே வந்தாரு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. டாக்டரு என்ன எழுதினாருன்னு கேளுங்க. "விழுந்தபோதே ஆகியிருக்கலாம், பின்னரும் ஆகியிருக்கலாம்." கேட்டீயளா? விழுந்தபோதே. அதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன்.

சொர்ணம் என்னை மறக்கல. ஒரு நாளு ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டு வந்தா, அவ வீட்டு மரத்துல காச்சது. "அத்தனை பேரு நின்னாவ. நீங்க மட்டும்தான் அண்ணாச்சி வந்து தொட்டீய"ன்னா. நான் வாங்கிக்கிட்டேன். வாங்காம என்ன செய்ய, ஆசையாக் கொடுக்கா. தினமும் வார்டுக்குப் போயி அவரைப் பாத்துட்டு வருவேன். திருப்பிப் படுக்க வைப்பேன். அவரும் நல்லாத்தான் பேசுவாரு. "அண்ணாச்சி, காலு எப்ப வரும்"பாரு. "வரும் வரும்"பேன்.

இதுக்கு நடுவுல சிஸ்டரு எழுதிக் கொடுத்துட்டாவ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம, நடந்ததை அப்படியே எழுதி மேல கொடுத்துட்டாவ. விசாரணை வச்சாவ. பெரிய டாக்டரு, நிர்வாக அதிகாரி, இன்னொரு டாக்டரம்மா, மூணு பேரு மேஜைக்கு அந்தப் பக்கம். நான் என்ன நெனைச்சேன்? ஞானதுரை இருக்கான்ல. அவன் வாயைத் தொறந்து, "நானும் சேந்துதான் தூக்கினேன், சாவி கிடைக்கல, வேற வழி இல்ல"ன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. பதினாலு வருஷம், தம்பி. நான் அவன்கிட்ட முதல் நாளு போயிக் கேட்கக்கூட இல்ல. கேக்கணுமா என்ன?

அவன் எந்திரிச்சு நின்னு சொல்லுதான், "நான் வேண்டாம்னு சொன்னேன் சார். மூணு தடவை சொன்னேன்."

நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டேன்.

"ஆனா கடைசியில நானும் ஏறினேன். தப்பு எம்மேலயும் இருக்கு"ன்னான். "போர்டு ஸ்டோர்ல பூட்டிக் கிடந்துச்சு சார், சிஸ்டர் சாவிக்கு அலைஞ்சாவ, அதையும் எழுதிக்கிடுங்க"ன்னான். ரெண்டு தடவை சொன்னான். அவங்க எழுதல. இதெல்லாம் சும்மா தம்பி, முதல்ல குத்திட்டு அப்புறம் மருந்து போடுறது.

நான் விட்டேனா? "இவன் பாதியில கையை எடுத்தான், அதனாலதான் மடங்குச்சு"ன்னு எழுத்துல கொடுத்தேன். பெரிய டாக்டரு அவனைப் பாத்து, "எப்பக் கையை எடுத்த? எண்ணும்போதா, எண்ணி முடிச்ச பிறகா?"ன்னு கேட்டாரு. அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். அப்புறம், "எனக்குச் சரியா நெனப்பு இல்ல சார். அண்ணன் என்ன சொல்லுதாவளோ அப்படியே வச்சிக்கிடுங்க"ன்னான். பாத்தீயளா, எவ்வளவு சாமர்த்தியம்! நல்லவன் வேஷம்! அதுக்காக அவனையும் ஆறு மாசம் வாட்ச்மேன் வேலைக்கு மாத்தினாவ. போட்டும்.

எனக்குச் சாட்சி வேணுமான்னு கேட்டாவ. இருக்கு சார், நோயாளி சம்சாரமே இருக்குன்னேன். வேற எவனுக்கு அப்படி ஒரு சாட்சி கிடைக்கும்? சொர்ணத்தை நானே போயிக் கூட்டிட்டு வந்தேன். "உள்ளதைச் சொல்லு தாயி, வேற ஒண்ணும் வேண்டாம்"னேன். "நான் சொல்லாம யாரு சொல்லுவா அண்ணாச்சி"ன்னு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தா. டாக்டர்மாரைப் பாத்து அவளுக்குப் பயமே இல்ல. எல்லாத்தையும் சொன்னா. வெயிலு, கூட்டம், யாரும் தொடாதது, எல்லாம். "இந்த அண்ணாச்சிதான் மனுசன். அந்தச் சிஸ்டரு பாருங்க, பேரைக் கேக்கா, காலை ஆட்டச் சொல்லுதா, இவரும் ஆட்டுதாரு, ஆட்டிக் காட்டின பிறகு தூக்காம எங்கயோ போயிட்டா. இந்த அண்ணாச்சிதான் தூக்கினாவ. தூக்கினதும் இவரு கத்தினாரு, அதுல இருந்துதான் காலு ஆடல"ன்னு சொன்னா.

சொல்லிட்டு, அடுத்த வார்த்தை சொல்ல வாயைத் தொறந்தா. தொறந்த வாயி அப்படியே நின்னுட்டு.

டாக்டரம்மா பேனாவை மூடி வச்சாவ. சொர்ணம் மெதுவா அவங்களைப் பாத்தா, அப்புறம் ஞானதுரையைப் பாத்தா, கடைசியா என்னைப் பாத்தா. "அண்ணாச்சி?"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. "அண்ணாச்சி?"ன்னு மட்டும். "விழுந்தபோதே ஆகியிருக்கலாம்னு டாக்டரே எழுதியிருக்காரு தாயி"ன்னேன். அவ அந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உக்காரல. அதுல இருந்து என்கிட்ட பேசுறதில்ல. நான் வார்டுக்குப் போனா எந்திரிச்சு வெளிய போயிருவா. நானும் போறதை விட்டுட்டேன். எனக்கும் ரோசம் இருக்குல்லா? அவளுக்காகத்தானே நான் லாரில ஏறினேன்?

முடிவு என்ன எழுதினாவங்கீய? பயிற்சி கொடுத்தும் விதியை மீறினது பலவேசம். ஸ்டோரைப் பத்தி ஒரு வரி இல்ல. சாவியைப் பத்தி ஒரு வரி இல்ல. அந்தப் போர்டு வாசல்ல இருந்திருந்தா நான் ஏன் தொடப்போறேன்? அதைப் பூட்டினவனுக்கு ஒரு கேள்வி கூட இல்ல. இது நியாயமா, சொல்லுங்க. நியாயமா? என்னைத் துணி அறையில போட்டுட்டாவ. துவைச்ச பெட்ஷீட்டை எண்ணிக் கொடுக்கணும், அழுக்கை எண்ணி வாங்கணும். இருபத்திரெண்டு வருஷம் மனுசங்களைத் தூக்கினவன் தலையணை உறையைத் தூக்குதேன்.

ஞானதுரை ஆறு மாசம் கழிச்சுத் திரும்பக் கேஷுவால்ட்டிக்கு வந்துட்டான். வந்ததும் மனு மேல மனு எழுதி, அந்தப் போர்டைக் கேஷுவால்ட்டி சுவத்துலயே ஆணி அடிச்சு மாட்ட வச்சிட்டான். இப்ப ரெண்டு இருக்கு. பேரு வாங்குதான்! ஒரு நாளு என் வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரி காப்பி போட்டுக் கொடுத்தா. நான் உள்ள அறையை விட்டு வெளிய வரல. "அண்ணே, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்"னு கதவுகிட்ட நின்னு கேட்டான். நான் இருமக்கூட இல்ல. காப்பியைக் குடிக்காம போயிட்டான்.

இன்னும் ஒண்ணு கேளுங்க, அப்புறம் ஒங்க ஊரு வந்துரும். ரெண்டு மாசம் முன்னால, உச்சிமாகாளி காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாரு. வாரம் ஒருக்க வருவாரு. பயிற்சி அறை என் துணி அறைக்கு எதிர்ல. கதவு தொறந்திருக்கு. பாத்தா, அங்க ஞானதுரை நிக்கான். சொர்ணத்துக்குச் சொல்லிக் கொடுக்கான், கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு ஆளை எப்படி மாத்துறதுன்னு. அவ வீட்டுல தனியாத்தானே அவரைத் தூக்கணும், காலையில, மத்தியானம், சாயங்காலம். இடுப்புல ஒரு பட்டையைக் கட்டி, முழங்காலை அவரு முழங்காலோட ஒட்டி வச்சு, நாற்காலிக்குப் பிரேக் போட்டு. எண்ணுறது அவ. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒல்லி உடம்பு தம்பி. ஆனா நல்லாத் தூக்கினா. ரெண்டாவது தடவை பட்டை வழுகிட்டு. அவரு சாய்ஞ்சாரு. நான் என்னை அறியாம ஓடிட்டேன். பெட்ஷீட்டை எல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடிப் போயிக் கையை நீட்டினேன்.

உச்சிமாகாளி என் கையைத் தடுத்தாரு. கோவமா இல்ல. அவரு கோவப்படுற ஆளே இல்ல. ரொம்பத் தன்மையா, "அண்ணாச்சி, நீங்க தொட வேண்டாம். அவ பாத்துக்கிடுவா"ன்னாரு.

ஞானதுரை தலையைக் குனிஞ்சிக்கிட்டான். நான் திரும்பி வந்து பெட்ஷீட்டைப் பொறுக்கினேன். தரையில விழுந்தது மறுபடியும் அழுக்குல சேந்துரும், திரும்ப எண்ணணும். எண்ணினேன். கணக்கு வரவே இல்ல, நாலஞ்சு தடவை எண்ணியும் வரல.

வள்ளியூரு வந்துட்டுதா? இல்ல, இது அதுக்கு முந்தின ஸ்டாப்பு. பையை எடுத்து வச்சிக்கிடுங்க, கூட்டம் ஏறுனா இறங்க முடியாது.

தம்பி, நான் ஒண்ணு சொல்லுதேன். நீங்க இறங்கிப் போயிருவீய, ஒங்களை நான் இனி பாக்கப் போறதில்ல. அதனால சொல்லுதேன். அவன் கையை எடுத்தது மூணுக்குப் பிறகு இல்ல. ரெண்டு சொல்லும்போதே எடுத்துட்டான். "என்னால ஆவாதுண்ணே"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். நான் பாத்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல அந்தாளு உடம்பு நீளம்தான் தூரம், நல்லாத் தெரிஞ்சுது. அந்தாளைத் தார்ப்பாய்ல அப்படியே விட்டுட்டு நானும் கையை எடுத்திருக்கலாம். ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒருத்தன் படம் பிடிக்கான், கை உள்ள போயிட்டு, வாயில எண்ணிக்கை நிக்கு.

மூணுன்னு சொல்லிட்டேன்.

இதை விசாரணைல சொல்லல. வீட்டுக்காரிகிட்ட சொல்லல. ஞானதுரைக்குத் தெரியும், அவன் எவன்கிட்டயும் சொல்லல. அதைத்தான் என்னால தாங்க முடியல தம்பி. சொல்லித் தொலைச்சிருந்தா நான் அவனை வெறுத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

எந்திரிங்க, வள்ளியூரு வந்துட்டு. அந்தப் பெரியவரும் இங்கனதான் இறங்குதாரு போல. நீங்க அவருக்கு முன்னால இறங்கி நின்னுக்கிடுங்க, கட்டு போட்ட காலு முதல்ல கீழ வரட்டும். இல்ல தம்பி, நான் வரல. நீங்களே பிடிச்சிக்கிடுங்க.